மாத்திரை போட்டும் எச்.பி. ஏன் ஏறல?

[திரையில்: கர்ப்பிணியின் செக்கப் அட்டை. 'எச்.பி. 9.4' பெரிதாகத் தெரிகிறது.]

இந்த 9.4-ஐப் பாருங்க. எச்.பி.ன்னா ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின் அளவு. கர்ப்ப காலத்துல 11-க்குக் கீழ இருந்தாலே ரத்தசோகை. 7-க்குக் கீழ போனா ஆஸ்பத்திரியில வெச்சுத்தான் பார்க்கணும். ஒவ்வொரு செக்கப்லயும் இந்த நம்பரை நீங்களே படிங்க. போன தடவை எவ்வளவுன்னு நர்ஸம்மாகிட்ட தைரியமா கேளுங்க.

சுகாதார நிலையத்துல தர்ற சிவப்பு மாத்திரை ஒண்ணுல 60 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கு. நாலாம் மாசத்துலேர்ந்து தினம் ஒண்ணு, குறைஞ்சது 180 நாள். 100 கிராம் முருங்கைக்கீரையில 5 மில்லிகிராம்கூட இல்ல, அதுலயும் உடம்புல சேர்றது கொஞ்சம்தான். கீரை அவசியம் சாப்பிடுங்க, ஆனா அது மாத்திரைக்கு ஈடாகாது.

[திரையில்: ராத்திரி, குங்குமப்பூப் பால் டம்ளர், பக்கத்தில் மாத்திரை.]

நிறைய வீட்டுல தப்பு நடக்கறது இங்கதான். பால்ல இருக்கற சுண்ணாம்புச்சத்து, அதாவது கால்சியம், இரும்பை உடம்புல சேர விடாது. டீ, காபியும் அப்படித்தான். அதனால கால்சியம் மாத்திரையைக் காலை, மதியம் சாப்பாட்டோட முடிச்சிடுங்க. பாலைச் சாயங்காலத்துக்கு மாத்துங்க. ராத்திரி சாப்பிட்டு 2 மணி நேரம் கழிச்சு, படுக்கும்போது சிவப்பு மாத்திரை. கூடவே ஒரு நெல்லிக்காய், இல்லன்னா அரை மூடி எலுமிச்சை பிழிஞ்ச தண்ணி. அதுல இருக்கற வைட்டமின் சி இரும்பை உள்ள இழுக்கும். வெறும் வயித்துல குமட்டுறவங்களுக்கும் இந்த நேரம்தான் தோது.

மலம் கறுப்பா போகும், பயப்படாதீங்க. இதைப் பார்த்துட்டு மாத்திரையை நிறுத்திடறவங்க ரொம்பப் பேர். மலச்சிக்கலுக்குக் கொய்யாப்பழம், வாழைத்தண்டு, நல்லா தண்ணி.

[திரையில்: கடலூர் துறைமுகம், மீன் கூடைகள்.]

நம்ம கடற்கரைக்கு ஒரு வசதி உண்டு. கவலை, நெத்திலி மாதிரி சின்ன மீனைக் கீரையோட சேர்த்துச் சாப்பிட்டா, கீரையில இருக்கற இரும்பும் கூடுதலா சேரும். வாரம் ரெண்டு தடவை போதும், நல்லா வேகணும். சுறா மட்டும் இப்ப வேண்டாம். மத்த மீனைத் தின்னு வளர்ற பெரிய மீன்ல பாதரசம் சேர்ந்திருக்கும், அது குழந்தையோட மூளையைப் பாதிக்கும். பிரஷர் இருக்கறவங்க கருவாட்டையும் தள்ளி வைங்க, உப்பு அதிகம்.

[திரையில்: மறுபடியும் அட்டை. அடுத்த மாதக் கட்டம் காலியாக.]

ரத்தசோகை இருந்தா டாக்டர் ரெண்டு மாத்திரை சொல்வாங்க, நீங்களா கூட்டாதீங்க. ஒரு மாசத்துல எச்.பி. குறைஞ்சது 1 ஏறியிருக்கணும். ஏறலைன்னா, எந்த நேரத்துல, எதோட போட்டீங்க, எத்தனை நாள் விட்டுப்போச்சுன்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. அதை வெச்சுத்தான் அடுத்து ஊசி மூலமா இரும்புச்சத்து ஏத்தணுமான்னு முடிவு செய்வாங்க.