ஒரே பாய்லர், ஒரே தூசி: ஒருவருக்கு மட்டும் ஏன் மூச்சு முட்டியது?

வணக்கம் மக்களே! பின்னால் தெரிகிற புகைபோக்கி, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் பழைய செம்பனை ஆலையுடையது. எங்கள் தாத்தாவும் அடுத்த வீட்டுத் தாத்தாவும் இங்கே ஒரே பாய்லரில்தான் வேலை செய்தார்கள். குழாயில் சுற்றியிருந்த கல்நாரை, அதாவது ஆஸ்பெஸ்டாஸை, வெறுங்கையால் பிய்ப்பார்கள். எங்கள் தாத்தாவுக்கு நுரையீரல் இறுகி, விரல் நுனிகள் உருண்டு தடித்துப் போயின. அடுத்த வீட்டுத் தாத்தாவோ எண்பது வயதிலும் சைக்கிளில் சந்தைக்குப் போனார். ஏன் இந்த வித்தியாசம்?

முதலில் அடிப்படை. கல்நார் இழைகளை விழுங்க நுரையீரலின் துப்புரவுச் செல்கள் முயலும். நீளமான இழை அடங்காது. புண், தழும்பு, நோய். வெளியே தெரிய 20, 40 வருடம்கூட ஆகும்.

சரி, இப்போது துருக்கிக்குப் போவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்! கப்படோசியாவில் கராயின் என்று ஒரு கிராமம். அங்கே பாறையிலேயே எரியோனைட் என்ற இழைக்கனிமம் இருக்கிறது. கல்நார் இல்லை, ஆனால் அதே குணம். அந்தக் கல்லில்தான் வீடு கட்டினார்கள். ஊரில் நடந்த சாவுகளில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் மீசோதீலியோமா, அதாவது நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய். ஆனால் சில குடும்பங்களில் அடுத்தடுத்து வந்தது, சிலவற்றில் வரவே இல்லை. அப்படியென்றால் ரத்தத்திலும் ஏதோ இருக்கிறதா என்று ஆய்வாளர்கள் தேடத் தொடங்கினார்கள்.

2011-இல் அமெரிக்காவில் இரண்டு குடும்பங்களிடம் பிடிபட்டது பிஏபி1 மரபணு. செல்லின் பழுதைச் சரிபார்க்க உதவுவது அது. பிறவியிலேயே அது கெட்டிருந்தால் மீசோதீலியோமா மட்டுமல்ல, கண்ணில் மெலனோமாவும் வரலாம். ஆனால் இது மிக அரிது. தாத்தாவுக்கு வந்த தழும்பு நோயில் வேறு மரபணுக்கள் கொஞ்சம் பங்கு வகிக்கலாம். அவர் சுவாசித்த தூசியின் அளவுதான் பெரிய காரணம்.

அதனால் "உன் உடம்பு வாகு அப்படி" என்று ஒரு தொழிலாளியிடம் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இழை இல்லாவிட்டால் தழும்பும் இல்லை. பாட்டி ஆலைக்குள் கால் வைத்ததே இல்லை. ஆனால் தினமும் சாயங்காலம் தாத்தாவின் காக்கிச் சட்டையை வாசலில் உதறித்தான் ஊறப் போடுவார். இப்படித் துணி துவைத்தே நோய் வாங்கிய மனைவிமார் பல நாடுகளில் உண்டு.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பாய்லரிலோ கூரைத் தகடு வேலையிலோ இருந்தார்களா? இருமலுக்குப் போகும்போது அதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவிலும் விசாரியுங்கள். அப்புறம், எந்தத் தோட்டம் என்று கீழே எழுதுங்கள்.