நாத்தனாருக்குச் சொல்வதை நமக்கும் சொல்வோம்

(பாலக்கோட்டில் மகளிர் சுய உதவிக் குழுவினரிடையே பேசியது)

அம்மாமார்களுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

தக்காளி விலை விழுந்த நாளில் நம் மார்க்கெட்டில் ஒரு பேச்சு காதில் விழும். "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும், போயும் போயும் தக்காளியை நட்டேன்." பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் காயைக் கொட்டிவிட்டுப் போகிறவர், தன்னைத்தான் திட்டிக்கொள்கிறார். நாற்று நட்ட அன்றைக்கு, இரண்டு மாதம் கழித்து வரும் விலை யாருக்குத் தெரியும்? ராயக்கோட்டையிலும் கோலாரிலும் ஒரே சமயத்தில் வரத்து கூடினால் விலை இறங்கத்தான் செய்யும். அவர் புத்தி என்ன செய்யும்?

இதையே உங்கள் நாத்தனார் வந்து சொல்லி அழுதால், "உனக்கு அறிவே கிடையாது" என்பீர்களா? ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, "முதல்ல சாப்பிடு, அப்புறம் பேசலாம்" என்பீர்கள். கடன் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் அவருக்கு எழுந்து நடக்கத் தெம்பு வருகிறது. அந்தப் பேச்சை உங்களுக்கும் பேசிக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் வந்தேன்.

அமெரிக்காவில் கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியல் பேராசிரியர் இதை ஆராய்ந்து, 2003இல் இதை அளக்க ஒரு கேள்வித்தாளே வெளியிட்டார். தன்னிடம் கனிவு, கஷ்டம் எல்லோருக்கும் வருவதுதான் என்ற நினைப்பு, வலியை மறைக்காமலும் அதில் மூழ்காமலும் பார்ப்பது. இவை மூன்றும் சேர்ந்ததே தன்பரிவு என்கிறார். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. "எனக்கு மட்டும் ஏன்?" என்று கேட்கத் தொடங்கினால் கதவைச் சாத்திக்கொள்வோம், குழுவுக்கு வரமாட்டோம். தவணை கட்ட முடியாத வாரத்தில்தான் நீங்கள் அவசியம் இங்கே வந்து உட்கார வேண்டும்.

அழுகை வந்தால் அழுங்கள். இது அதியமான் ஆண்ட தகடூர் மண். அந்த மன்னன் மாண்டபோது ஔவையார் துக்கத்தை விழுங்கவில்லை, பாட்டாகவே பாடி அழுதார்.

இரவு படுக்கும்போது உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, மூச்சை மெதுவாக விட்டு, "இன்னிக்கு ரொம்பக் கஷ்டம். முடிஞ்சதைச் செஞ்சேன்" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். சரி, இருக்கட்டும்.

தூக்கம் போய், சோறு இறங்காமல், வாழவே வேண்டாம் என்று தோன்றினால் இது மட்டும் போதாது. 14416க்குக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவை அது. இரவானாலும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். கூப்பிடக்கூடத் தெம்பில்லை என்றால், பக்கத்தில் இருப்பவரிடம் போனைக் கொடுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.