நாற்பது பக்கக் கையேடும் மூன்று நிமிடக் காணொளியும்

நேயர்களுக்கு வணக்கம்.

வேலைக்குச் சேரும் நாளில் ஊழியரின் மின்னஞ்சலுக்கு ஒரு கையேடு வந்து சேரும். மருத்துவக் காப்பீடு, விபத்துக் காப்பீடு, ஓய்வுக்காலச் சேமிப்பு, மகப்பேறு விடுப்பு, மனநல ஆலோசனை, மேற்படிப்புக்கு உதவித்தொகை என்று எல்லாம் அதில் இருக்கும். நாற்பது பக்கம் போகும். அதைத் திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போய், "படித்தேன், புரிந்துகொண்டேன்" என்ற இடத்தில் ஒப்புதல் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அன்றைக்கு அதில் நமக்கு அவசரமானது எதுவுமில்லை. அவசரம் வருகிற அன்று அந்தக் கையேடு எங்கே கிடக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட நலத் திட்டங்களை ஊழியர்களுக்கு விளக்கும் காணொளிகளை எழுதித் தயாரிப்பது என் தொழில். அதைப் பற்றித்தான் இன்று பேச அழைத்திருக்கிறார்கள்.

திட்டங்கள் புரிவதில்லை என்பது வெறும் அலுவலகப் பேச்சு இல்லை. ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்ற பொருளாதார அறிஞரும் அவரது குழுவினரும் 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவில் காப்பீடு வைத்திருப்பவர்களிடம் நான்கே நான்கு அடிப்படை விஷயங்களைக் கேட்டார்கள். காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நம் கையிலிருந்து எவ்வளவு போகும், ஒவ்வொரு சிகிச்சைக்கும் நாம் கட்டும் நிலையான தொகை என்ன, சதவீதக் கணக்கில் நம் பங்கு என்ன, வருடத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு கட்டுவோம். விடைகளைக் கொடுத்து, சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன கேள்விகள்தான். நான்குக்கும் சரியாகப் பதில் சொன்னவர்கள் 14 சதவீதம் பேர். மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தைப் பற்றிய நிலைமை இது.

இந்த இடத்தில்தான் காணொளிக்கு வேலை இருக்கிறது. சதவீதப் பங்கு என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். கையேட்டில் அது ஐந்து வரிப் பத்தியாக, நடுவே இரண்டு "தவிர" போட்டு எழுதப்பட்டிருக்கும். திரையில் ஒரு மருத்துவமனை பில் வருகிறது. அதன் குறுக்கே ஒரு கோடு விழுகிறது. கோட்டுக்கு மேலே நான்கு பங்கு, "இது காப்பீடு கட்டும்" என்கிறது குரல். கோட்டுக்குக் கீழே ஒரு பங்கு, "இது உங்கள் கையிலிருந்து." அடுத்து அந்த பில்லிலேயே சில வரிகள் சாம்பல் நிறமாக மாறுகின்றன. "இவை கணக்கிலேயே சேராது, முழுவதும் நீங்கள்தான் கட்ட வேண்டும்." இருபது வினாடி ஆகியிருக்காது. விஷயம் தலைக்குள் போய்விடும்.

படமும் குரலும் சேரும்போது ஏன் இப்படி நடக்கிறது என்பதைக் கல்வி உளவியலில் ரிச்சர்ட் மேயர் என்ற பேராசிரியர் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார். வெறும் சொற்களைவிடச் சொல்லும் படமும் சேர்ந்தால் நன்றாகப் புரிகிறது என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. அதைப் பலரும் பிடித்துக்கொண்டார்கள். அவர் சொன்ன இன்னொன்றை விட்டுவிட்டார்கள்: திரையில் பத்தி பத்தியாக எழுதிப் போட்டு, அதே வாக்கியங்களைக் குரலிலும் வாசித்தால் புரிதல் குறைகிறது. கண் ஒரு வேகத்தில் படிக்கிறது, காது இன்னொரு வேகத்தில் கேட்கிறது, இரண்டும் மோதுகின்றன. கையேட்டின் பக்கங்களை அப்படியே ஸ்லைடுகளாக்கி, பின்னால் ஒருவரை வாசிக்கவிட்டு, "வீடியோ தயார்" என்று அனுப்பும் அலுவலகங்கள் எத்தனையோ. அது கையேட்டைவிட மோசம். கையேட்டிலாவது வேண்டிய பக்கத்துக்குப் புரட்டிப் போகலாம்.

அப்படியானால் வசன வரிகள் வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். காது கேளாத ஊழியருக்கு அதுதான் வழி. இணைய உள்ளடக்கத்தை எல்லோரும் அணுகுவதற்கான சர்வதேச வழிகாட்டு நெறிகளில், பதிவு செய்த காணொளிக்கு வசன வரி என்பது முதல் நிலையிலேயே, அதாவது குறைந்தபட்சத் தேவையாகவே, வைக்கப்பட்டிருக்கிறது. இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் பார்ப்பவருக்கும், பேருந்தில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவருக்கும் அதே வரிகள்தான் உதவும். பார்ப்பவர் வேண்டும்போது போட்டுக்கொள்ளவும் வேண்டாதபோது எடுத்துவிடவும் வசதி இருந்தால் போதும். பார்வை இல்லாதவரை நினைத்து, திரையில் காட்டும் முக்கியமான எண்ணைக் குரலிலும் சொல்லிவிட வேண்டும்.

சரி, எவ்வளவு நீளம்? பிலிப் குவோவும் சக ஆய்வாளர்களும் 2014-இல் இணையவழிப் பாடக் காணொளிகளைப் பற்றி ஓர் ஆய்வு செய்தார்கள். மாணவர்கள் காணொளி பார்த்த 69 லட்சம் தருணங்களின் தரவு அவர்கள் கையில் இருந்தது. காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் அதில் செலவிட்ட இடைநிலை நேரம், அதாவது பாதிப் பேர் அதற்குள், பாதிப் பேர் அதற்கு மேல் என்று பிரிக்கும் நேரம், ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. தானே விரும்பிச் சேர்ந்த பாடத்துக்கே ஆறு நிமிடம்தான். காப்பீட்டு விதிகளுக்கு மூன்று நிமிடம் என்று நான் கணக்கு வைத்துக்கொள்வது இதனால்தான்.

ஆனால் நீளத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. காணொளிக்கு எதை வைத்துப் பெயர் வைக்கிறோம், எதற்குப் பதில் சொல்கிறோம் என்பது. "குழும மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், பகுதி இரண்டு" என்று பெயர் வைத்தால் யாரும் திறக்க மாட்டார்கள். ஊழியரின் மனதில் திட்டத்தின் பெயர் இருப்பதில்லை, ஒரு நிலைமை இருக்கிறது. "குழந்தை பிறக்கப்போகிறது, என்ன செய்ய வேண்டும்?" "அம்மாவை மருத்துவமனையில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள்." "வேலையை விடுகிறேன், சேமிப்பு என்ன ஆகும்?" ஒரு நிலைமைக்கு ஒரு காணொளி. அதில் அந்த நிலைமைக்கு வேண்டியது மட்டும்.

குழந்தை பிறக்கும் காணொளியையே பாருங்கள். பல குழுக் காப்பீடுகளில் புதிதாகப் பிறந்த குழந்தையின் பெயரைச் சேர்க்க இத்தனை நாள் என்று ஒரு கெடு உண்டு. கெடு தப்பினால் அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்க வேண்டி வரலாம். பிரசவம் முடிந்த வாரத்தில் எந்த வீட்டிலும் கையேட்டைத் திறந்து கெடு பார்க்க மாட்டார்கள். மகப்பேறு விடுப்புக்கு விண்ணப்பித்த அன்றே இந்தக் காணொளி அவர் கைப்பேசிக்குப் போய்விட வேண்டும். கணவன் மனைவி இருவருமே பார்க்கும்படி அனுப்ப வேண்டும்.

மருத்துவமனைக் காணொளியில் இன்னும் கவனம் தேவை. ராத்திரி பதினோரு மணிக்கு ஊழியர் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் இருக்கிறார். கவுண்டரில் நிற்பது அவர் மனைவியோ, தம்பியோ, பக்கத்து வீட்டுக்காரரோ. அவர்களுக்கு அலுவலக இணையதளத்தின் கடவுச்சொல் தெரியாது. அதனால் இந்த ஒரு காணொளி மட்டும் கடவுச்சொல் இல்லாமல் திறக்க வேண்டும், குடும்பத்தாருக்கு முன்கூட்டியே அனுப்பி வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அட்டை எண் கைப்பேசியில் எங்கே இருக்கும், கவுண்டரில் எந்தப் படிவத்தைக் கேட்க வேண்டும், எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும். இந்த மூன்றும் முதல் நிமிடத்திலேயே வந்துவிட வேண்டும். நிறுவனத்தின் முத்திரை சுழன்று சுழன்று வருவதும், தலைவரின் வரவேற்புரையும் அதில் வேண்டவே வேண்டாம். அந்த எண்ணை எடுக்கும் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறாரா என்று, காணொளியை வெளியிடும் முன் ராத்திரியில் ஒருமுறை அழைத்துப் பார்ப்பது நல்லது.

திரையில் யார் பேசுவது என்பதும் இதோடு சேர்ந்தது. என் அனுபவத்தில், மேலதிகாரி பேசுவதைவிட, கிளைம் படிவங்களை அன்றாடம் கையில் வாங்கும் எச்.ஆர். ஊழியர் பேசுவது எடுபடுகிறது. "பெரும்பாலானவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை மட்டும் கொடுக்கிறார்கள், மூலப் பிரதியும் கேட்பார்கள், எடுத்து வையுங்கள்" என்று அவர் சொல்லும்போது, வேலை தெரிந்தவர் பேசுகிறார் என்று கேட்பவருக்குப் பிடிபடுகிறது. கொஞ்சம் தயங்கிப் பேசினாலும் பரவாயில்லை.

எது கிடைக்காது என்பதையும் அவர் வாயாலேயே சொல்லிவிட வேண்டும். எந்தச் சிகிச்சைக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, அறை வாடகைக்கு வரம்பு உண்டா, எந்தச் செலவு சேராது. இதைச் சொன்னால் திட்டத்தின் மதிப்பு குறைந்துவிடும் என்று நிறுவனங்கள் தயங்குகின்றன. பில் கட்டும் நேரத்தில் தெரியவந்தால் திட்டத்தின் மீதும் நிறுவனத்தின் மீதும் இருக்கும் நம்பிக்கை சேர்ந்தே போகும்.

மின்னஞ்சலே இல்லாத ஊழியர்களை மறந்துவிடக்கூடாது. காவலாளி, ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர், இயந்திரத்தில் நிற்பவர். நலத் திட்டம் அதிகம் தேவைப்படுவது இவர்களுக்கு. தகவல் கடைசியில் போய்ச் சேருவதும் இவர்களுக்குத்தான். உடை மாற்றும் அறையில் க்யூஆர் கோடு ஒட்டலாம், ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரு திரையில் ஓடவிடலாம். கோப்பு சிறியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் டேட்டா அவர்கள் காசு. மொழிபெயர்த்த பிரதியை அந்த மொழியில் பேசும் ஊழியர் ஒருவரிடம் முதலில் போட்டுக் காட்டி, "என்ன புரிந்தது, சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு வெளியிடுங்கள்.

யார் எந்தக் காணொளியைப் பார்த்தார்கள் என்று பெயர் வாரியாகக் கண்காணிக்கும் வசதி இப்போது பல மென்பொருள்களில் இருக்கிறது. நலத் திட்டக் காணொளிகளுக்கு அதை அணைத்துவிடுங்கள் என்று நான் எல்லா நிறுவனங்களிடமும் சொல்கிறேன். மனநல ஆலோசனை, குழந்தைப்பேறு சிகிச்சை, வேலையை விடும்போது கிடைக்கும் தொகை. இவற்றை யார் பார்த்தார் என்பது மேலாளருக்குப் போகும் என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால், அப்புறம் யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். மொத்த எண்ணிக்கை போதும். அதுகூட அவ்வளவு முக்கியமில்லை. கிளைம் திரும்பி வருவது குறைந்ததா, உதவி மேசைக்கு அதே கேள்வி மீண்டும் மீண்டும் வருவது நின்றதா என்பதைப் பார்த்தால் காணொளி வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும்.

காணொளியால் ஆகாத காரியமும் உண்டு. பிரிஜிட் மாட்ரியன், டென்னிஸ் ஷே இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்தைப் பார்த்தார்கள். விண்ணப்பம் போட்டால்தான் சேரலாம் என்று இருந்தபோது 49 சதவீதம் பேர் சேர்ந்திருந்தார்கள். எல்லோரும் தானாகச் சேர்க்கப்படுவார்கள், வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம் என்று மாற்றிய பிறகு வந்தவர்களில் 86 சதவீதம் பேர் இருந்தார்கள். நடைமுறையை மாற்றியதால் வந்த வித்தியாசம் அது. ஒன்பது பக்கப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று காணொளி எடுக்கச் சொல்லி யாராவது என்னிடம் வந்தால், படிவத்தை இரண்டு பக்கமாக்க முடியுமா என்றுதான் முதலில் கேட்பேன்.

இன்னொன்று, பழைய காணொளி. விதிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன, காணொளியோ வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. போன வருடத்துத் தொகையை நம்பி ஒருவர் சிகிச்சைக்குப் போய்விடக்கூடாது. அதனால் எந்தத் தேதி வரை செல்லும் என்பதைத் திரையின் மூலையில் தொடக்கம் முதல் முடிவு வரை விட்டு வையுங்கள். மாறக்கூடிய தொகைகளைத் தனித் துண்டாகப் பதிவு செய்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பாலிசி ஆவணமே முடிவானது என்பதையும் சொல்லி, அந்த ஆவணத்தின் சரியான பக்கத்துக்கு இணைப்பும் கொடுக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்கும் நிறுவனங்களுக்கு நாமினி காணொளியைச் சொல்வேன். திருமணத்துக்கு முன் அப்பா பெயரை எழுதிவிட்டு அப்படியே விட்டவர்கள் எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். இப்போது யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பது எப்படி, மாற்றுவது எப்படி. கைப்பேசித் திரையைப் பதிவு செய்து, எங்கே தொட வேண்டும் என்று விரலால் காட்டினால் போதும். பெரிய கேமராவோ ஸ்டூடியோவோ வேண்டாம். எடுத்து முடித்ததும், அலுவலகத்தில் கணினிப் பக்கமே போகாத ஒருவரிடம் கொடுத்து, பார்த்துக்கொண்டே அவர் நாமினியை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். அவர் விரல் எங்கே தயங்கி நிற்கிறதோ, அந்த இடத்தைத் திரும்ப எடுங்கள்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.