இரண்டு டாலருக்கு ஒரு வில்லன்

வணக்கம் நேயர்களே. நாணயம் சேர்க்கும் நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே கண்ணாடி மாதிரி பளபளவென்று ஒரு வெள்ளிக்காசு. ஒரு பக்கம் எலிசபெத் ராணி. திருப்பினால் ஸ்டார் வார்ஸ் வில்லன் டார்த் வேடர்! பொம்மைக் காசு என்று நினைத்துவிடாதீர்கள், நியுவே என்ற நாடு 2011இல் சட்டப்படி வெளியிட்ட இரண்டு டாலர் நாணயம் அது.

நியுவே தென் பசிபிக்கில் இருக்கிறது. 260 சதுர கிலோமீட்டரில் ஒரே பவளப்பாறைத் தீவு, இரண்டாயிரம் பேர்கூட இல்லை, அந்த ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் நியூசிலாந்தில் குடியேறிவிட்டார்கள். 1974 முதல் தன்னாட்சி உண்டு, ஆனால் கடைத்தெருவில் புழங்குவது நியூசிலாந்து டாலர்தான். வேடர் காசைக் கொடுத்து அங்கே யாரும் ரொட்டி வாங்குவதில்லை.

பிறகு எதற்கு இந்தக் காசு? சினிமா நிறுவனத்திடம் அனுமதி வாங்குவது, வெள்ளி வாங்குவது, அச்சடிப்பது, உலகம் முழுக்க விற்பது எல்லாமே ஆக்லாந்தில் உள்ள தனியார் நாணயச்சாலையின் வேலை. நியுவே கொடுப்பது தன் பெயரை மட்டும், அதற்கு ஒரு உரிமத்தொகை வரும். அந்தப் பெயர் இல்லையென்றால் அது வெறும் வெள்ளிப் பதக்கம், பெயர் விழுந்துவிட்டால் 'ஒரு நாட்டின் காசு', சேகரிப்பவர் கூடுதலாகக் கொடுக்கத் தயங்க மாட்டார். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. சட்டப்படி அந்தக் காசின் மதிப்பு வெறும் இரண்டு டாலர்தான், ஆனால் உள்ளே 31 கிராம் வெள்ளி இருக்கும்போது எவன் அதைச் செலவழிப்பான்?

மிக்கி மவுஸ், போக்கிமான் எல்லாம்கூட நியுவே காசில் வந்தாயிற்று. சிலர் கேலி செய்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏற்றுமதி செய்யப் பெரிதாக எதுவும் இல்லாத தீவு, மீன்பிடி உரிமம், தபால்தலை, கொஞ்சம் சுற்றுலா, அப்புறம் நியூசிலாந்து தரும் உதவிப்பணம், இதை வைத்துத்தான் பிழைப்பு. இணைய முகவரியின் கடைசியில் வரும் 'என்யூ' (.nu) என்ற இரண்டு எழுத்துகூட அவர்களுடையதுதான். ஸ்வீடிஷ் மொழியில் அதற்கு 'இப்போது' என்று பொருள், அதனால் அங்கே அமோகமாக விற்றது, ஆனால் அதை நடத்தும் உரிமை வேறு கைக்குப் போயிருந்ததால், அதைத் திரும்பக் கேட்டு 2018இல் நியுவே ஸ்வீடனில் வழக்குப் போட வேண்டியதாயிற்று. அதோடு பார்த்தால் காசு வியாபாரம் பரவாயில்லை, எது அச்சாகலாம் என்று சொல்லும் அதிகாரமாவது கையில் இருக்கிறது.

நியுவே எங்கே இருக்கிறது என்று நண்பரைக் கேட்டேன். "தெரியாதே" என்றவர், விரல்ரேகை படாமல் ஓரத்தைப் பிடித்து வேடரைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.