நாட்பட்ட தசைவலிக்கு மூலிகைகள்: பூசுவதும் உட்கொள்வதும்

[திரையில்: தோள்பட்டைத் தசையின் குறுக்குவெட்டு, தோலுக்கு அடியில் நரம்பு முனைகள்]

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியையே மருத்துவர்கள் நாட்பட்ட வலி என்கிறார்கள். கழுத்திலோ தோளிலோ இடுப்பிலோ இவ்வாறு தங்கிவிட்ட தசைவலிக்கு மூலிகையை நாடுபவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது: வலியை உணர்த்தும் நரம்புகளையும் அழற்சியையும் ஓரளவு தணிப்பதே பெரும்பாலான மூலிகைகளின் வேலை, தசைக்கு வலுவூட்ட உடற்பயிற்சிதான் வேண்டும்.

[திரையில்: மிளகாய், அடுத்து நரம்பு முனையின் அண்மைக் காட்சி]

பூசும் மருந்துகளில் மிளகாய்க்கே முதலிடம் தருவேன். அதன் காரத்துக்குக் காரணமான கேப்சைசின், கடும் வெப்பத்தை உணர்த்தும் டிஆர்பிவி1 என்ற புரதத்தை நரம்பு முனையில் திறந்துவிடுவதால், சூடு எதுவும் படாமலே மூளை எரிச்சலை உணர்கிறது. 1997-இல் இப்புரதத்தை அடையாளம் கண்ட ஆய்வுக்குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ், 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை ஆர்டெம் பாடபூட்டியனுடன் பகிர்ந்துகொண்டார்.

தொடர்ந்து பூசிவரும்போது அந்த நரம்பு முனைகள் மரத்துப்போய், வலியைக் கடத்தும் திறன் குறைகிறது. பொதுவாக 0.025 முதல் 0.075 சதவீதம் வரை கேப்சைசின் உள்ள களிம்பை, நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை, சில வாரங்கள் விடாமல் பூச வேண்டியிருக்கும். தொடக்க நாட்களின் எரிச்சலைத் தாங்காமல் கைவிடுபவர்கள் பலர். நினைத்தபோது மட்டும் பூசுபவர்களுக்கோ எரிச்சல் மிஞ்சுகிறது, பலன் கிடைப்பதில்லை. கேப்சைசின் நீரில் எளிதில் கரையாது என்பதால், பூசிய விரல்களை வெறும் தண்ணீரில் அலசினால் போதாது. சோப்புப் போட்டு நன்றாகக் கழுவாமல் கண்ணைத் தொடவே கூடாது. மிளகாயை அரைத்து நேரடியாகப் பூசுவது இதற்கு மாற்றாகாது. அதில் காரம் எவ்வளவு என்று கணிக்க முடியாது, தோல் புண்ணாகிவிடும்.

[திரையில்: புதினா இலை, சிறிய எண்ணெய்ப் புட்டி]

புதினா வகைகளிலிருந்து கிடைக்கும் மென்தால், குளிரை உணரும் நரம்புகளைத் தூண்டுவதால் விரைவில் இதமளிக்கிறது. அந்த இதம் நெடுநேரம் நிற்பதில்லை. விண்டர்கிரீன் என்ற செடியின் எண்ணெய் விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. அதில் ஏறத்தாழ முழுவதும் ஆஸ்பிரினுக்கு உறவான மெத்தில் சாலிசிலேட்தான். 5 மில்லிலிட்டரை விழுங்கினால், சுமார் 7 கிராம் ஆஸ்பிரினை விழுங்கியதற்கு ஒப்பாகும். ஒரு குழந்தையின் உயிருக்கே அது ஆபத்து. ஆர்னிகா, காம்ஃப்ரே என்ற மூலிகைகள் இரண்டும் காயமில்லாத தோலின் மேல் பூசுவதற்கு மட்டுமே உரியவை. உள்ளே போனால் நஞ்சு.

[திரையில்: மஞ்சள், இஞ்சி, வில்லோ மரப்பட்டை]

உட்கொள்ளும் மூலிகைகளில் மஞ்சளுக்குக் கிடைக்கும் புகழ் அதன் ஆற்றலைவிடப் பெரிது என்பது என் கணிப்பு. மஞ்சள் தூளில் அதன் முக்கிய வேதிப்பொருளான குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதமே. அதிலும் மிகச் சிறு பங்குதான் இரத்தத்தில் கலக்கிறது. மிளகிலுள்ள பைப்பரின் அந்த அளவைக் கூட்டும் என்பதால் இரண்டையும் சேர்த்த மாத்திரைகள் விற்கப்படுகின்றன. ஆனால் செறிவூட்டிய அத்தகைய மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. இஞ்சி, உடற்பயிற்சிக்குப் பின் வரும் தசைவலியைச் சற்றுக் குறைக்கலாம். அதை வைத்து நாட்பட்ட வலியும் தீரும் என்று முடிவுகட்ட இயலாது. வில்லோ பட்டையிலுள்ள சாலிசின் உடலுக்குள் ஆஸ்பிரினுக்கு உறவான சாலிசிலிக் அமிலமாக மாறுவதால், ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்தை உட்கொள்பவர்களும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும், மருத்துவரைக் கேட்காமல் இம்மூன்றில் எதையும் மாத்திரையாக எடுக்கக் கூடாது.

[திரையில்: இரத்தப் பரிசோதனைக் குழாய்]

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரைகள், தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் டி பற்றாக்குறை ஆகியவற்றாலும் உடலெங்கும் தசைவலி வரலாம். எனவே மூலிகையைத் தொடங்கும் முன்பே, உட்கொண்டுவரும் மாத்திரைகளின் பட்டியலுடன் மருத்துவரிடம் போய், தேவையான இரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்வது முறை. வலியோடு கை கால் வலுவிழந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ, களிம்பை ஒதுக்கிவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.