தையலில் சீழ் வைப்பது ஏன்?

(திரையில்: எவர்சில்வர் தட்டில் பருப்பு சாதம்)

"ஆபரேஷன் ஆன ஆளுக்குப் பருப்பு போடாதே, தையலில் சீழ் வைக்கும்." இதைக் கேட்காத வீடு உண்டா? பாவம், பருப்பு! புண் ஆறப் புரதம் வேண்டும். டாக்டர் வேறு காரணத்துக்காகத் தடுக்கவில்லை என்றால் தாராளமாகப் போடுங்கள்.

சீழுக்குக் காரணம் கிருமி. பெரும்பாலும் நோயாளியின் தோலிலோ மூக்கிலோ சும்மா குடியிருந்த கிருமிதான். கத்தி பட்டதும் அதற்கு வழி திறந்துவிடுகிறது.

(திரையில்: தோலின் மேல் நகரும் பிளேடு, மிக அருகில்)

ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரியே, வெட்டப்போகும் இடத்து முடியை பிளேடால் மழித்துவிடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பிளேடு போன தடத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். விடிவதற்குள் கிருமி அங்கே பெருகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2016ல் தெளிவாகச் சொல்லிவிட்டது: முடியை எடுக்காதீர்கள், எடுத்தே ஆகவேண்டும் என்றால் கிளிப்பர் (முடி வெட்டும் மெஷின்) போதும்.

அப்புறம் ஆன்டிபயாடிக் ஊசி. இதில் நேரம்தான் எல்லாம். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 2,847 நோயாளிகளைக் கவனித்து 1992ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கத்தி வைப்பதற்கு முந்தைய 2 மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களில் 0.6 சதவீதம் பேருக்குத்தான் புண்ணில் தொற்று வந்தது. அதற்கும் முன்னாலேயே போட்டவர்களில் 3.8 சதவீதம். கத்தி வைத்து 3 மணி நேரம் கழித்துப் போட்டவர்களில் 3.3. வெட்டும்போது மருந்து ரத்தத்திலும் திசுவிலும் நிறைந்திருக்க வேண்டும், விஷயம் அவ்வளவுதான். "எதற்கும் இருக்கட்டும்" என்று ஆபரேஷனுக்குப் பிறகு 5 நாள் ஊசியை நீட்டுவதால் கூடுதல் பாதுகாப்பு இல்லை. ஏற்கெனவே தொற்று இருந்தால் மட்டும் கதை வேறு.

(திரையில்: ஆபரேஷன் தியேட்டர் மேசையில் போர்த்திய நோயாளி)

தியேட்டர் ஏசியில் உடம்பு சில்லிட்டால் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். புண்ணுக்கு ஆக்சிஜன் குறையும். 1996ல் வந்த ஓர் ஆய்வில் குடல் ஆபரேஷன் செய்துகொண்ட 200 பேரில், உடல்சூடு குறைந்தவர்களில் 19 சதவீதம் பேருக்குத் தொற்று. கதகதப்பாக வைத்திருந்தவர்களில் 6 சதவீதம்தான். சுகரும் கட்டுக்குள் இருக்கவேண்டும்.

வார்டுக்கு வந்தபின் உங்கள் வேலை எளிது. பார்க்க வருபவர்கள் கை கழுவட்டும். கட்டைப் பிரித்து எட்டிப் பார்க்காதீர்கள்.

வீட்டுக்குப் போன பிறகும் 30 நாள் கண் வைத்திருங்கள். சிவந்து சூடாகிறதா, வலி கூடுகிறதா, நீர் கசிகிறதா, காய்ச்சலா? மஞ்சள்பொடி, தேங்காய் எண்ணெய் எதுவும் தடவாமல், டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.