போட்டுக்கு 61 நாள் ரெஸ்ட்டு, எங்க அம்மாவுக்கு?

நடுவர் அய்யாவுக்கும், தண்டையார்பேட்டை நம்ம தெருவுல சேர் போட்டு உக்காந்திருக்க அக்கா அண்ணன்மாருக்கும் வணக்கம். உடம்பைக் காப்பாத்துறது ஓயாத உழைப்பா, ஒதுக்கி வைக்கிற ஓய்வான்னு தலைப்பு, நான் ஓய்வுதான்னு பேச வந்திருக்கேன்.

எதிரணி அண்ணன் என்ன சொன்னாரு? டென்ஷன், ரிலாக்ஸ் இதெல்லாம் ஏசி ரூம்ல உக்கார்றவங்க பேச்சு, மூட்டை தூக்குறவனுக்குப் படுத்தா தூக்கம் வரும்னாரு. நீங்களும் கைதட்டுனீங்க. அண்ணே, எங்க வீட்டுக்கு வந்து பாருங்க. எங்க அம்மா 22 வருஷமா காசிமேட்டுல மீன் எடுத்து விக்கிறாங்க, ராத்திரி ரெண்டரைக்கு எழுந்து ஏலத்துக்குப் போறவங்க, அதுக்கு மேல ஒரு உழைப்பு இருக்கா? ஆனா தூக்கம் வர்ல. உடம்பு படுத்துச்சு, மனசு படுக்கலையே. வாரவட்டிக்காரன் வருவான், தண்ணி லாரி வருமோ வராதோ, ஆயாவுக்கு மறதி நோய் வேற, நடுராத்திரில கதவைத் தொறந்துட்டு தெருவுல இறங்கிடும், அதனால ஒரு காதைத் தொறந்து வச்சுக்கிட்டேதான் படுப்பாங்க.

போன வருஷம் வஞ்சிரம் நறுக்கும்போது கட்டைவிரல்ல கத்தி பட்டுச்சு. சின்ன வெட்டுதான், மாசம் தாண்டியும் வாய் மூடல. சுகரா இருக்கும்னு டெஸ்ட் எடுத்தோம், நார்மல். அப்பதான் நான் தேடிப் படிச்சேன். 1995ல அமெரிக்கா ஒஹாயோவுல ஜேனிஸ் கீகோல்ட் கிளேசர்னு ஒரு அம்மா, அவங்க குழு, மறதி நோயாளியை வீட்டுல வச்சுப் பாத்துக்குற 13 பொம்பளைங்களையும் அந்தப் பாரம் இல்லாத 13 பேரையும் எடுத்து, எல்லாருக்கும் கையில மூணரை மில்லிமீட்டர்ல ஒரே அளவு காயம் வச்சுப் பாத்தாங்க. பாத்துக்குறவங்களுக்கு ஆறுறதுக்கு சுமார் 9 நாள் கூடுதலா ஆச்சு. எங்க அம்மா விரலுக்கும் அதேதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்லல, ஆனா அதைப் படிச்சிட்டு அன்னிக்கு நான் அழுதுட்டேன்.

நாய் தொரத்துனாலும் வட்டிக்காரன் வந்தாலும் உடம்புக்கு ஒண்ணுதான். கிட்னி மேல தொப்பி மாதிரி இருக்க அட்ரினல் சுரப்பி வேலையை ஆரம்பிச்சிடும், நெஞ்சு அடிக்கும், பிரஷர் ஏறும், ஈரல் சர்க்கரையை ரத்தத்துல எறக்கும். நாய் போயிட்டா அடங்கிடும். வட்டிக்காரன் தெனம் மனசுல வந்து நின்னா, அந்தச் சுரப்பி விடுற கார்ட்டிசால்ங்கிற டென்ஷன் ஹார்மோன் எறங்குறதே இல்ல, தூக்கம் கெடுது, வயிறு கெடுது, ரிப்பேர் வேலை தள்ளிப்போயிட்டே இருக்குது.

காசிமேட்டுக்காரங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு ஒண்ணுகூட கடலுக்குப் போகாது. சும்மாவா நிக்குது? போட்டைக் கரையேத்தி ஓட்டை அடைச்சு, பெயிண்ட் அடிச்சு, இன்ஜினைப் பிரிச்சு மாட்டி, வலையைத் தச்சு எடுக்குறது அப்பதானே, கடல்ல மீனு குஞ்சு பொரிக்கிறதும் அப்பதானே. மரத்துக்கும் இரும்புக்கும் தெரிஞ்ச நியாயம் மனுஷ உடம்புக்குக் கிடையாதா அண்ணே?

ஓய்வுக்குக் காசு வேணும்னாரு இன்னொருத்தரு. கொருக்குப்பேட்டை கேட்டுல கூட்ஸ் வண்டி போறவரைக்கும் நிப்போம் பாருங்க, அங்கதான் நான் கத்துக்கிட்டேன். எல்லாரும் ஹாரன் அடிப்பாங்க, என் தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏறி நிக்கும், வண்டி பிடியை நெறிச்சிட்டு இருப்பேன். இப்போ இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு தோளை எறக்கி, மெதுவா இழுத்து அதைவிட மெதுவா விடுறேன், நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. மூச்சை நீட்டி விடும்போது, மூளையில இருந்து நெஞ்சுக்கு வர்ற வேகஸ்ங்கிற நரம்பு நெஞ்சுத் துடிப்பைக் குறைக்கும், அதுக்கு டிக்கெட்டா வாங்கணும்? கடன் அதனால அடையாது, ஒத்துக்குறேன். ஆனா அதே கடனோட வீட்டுக்குப் போய் புள்ளையை அடிக்காம இருக்கேன்.

நம்ம வீட்டுல அப்பா திண்ணையில உக்காந்தா களைப்பு, அம்மா உக்காந்தா சோம்பேறித்தனம், இதைத்தான் முதல்ல மாத்தணும். நாங்க முறை வச்சுக்கிட்டோம், ராத்திரி ஆயாவை ஒரு நாள் நான், ஒரு நாள் தம்பி பாத்துக்குறோம். அம்மா ரெண்டு காதையும் மூடித் தூங்குறாங்க.

அதோ மூணாவது வரிசையில பச்சைப் புடவை, அதான் எங்க அம்மா. வழக்கமா இந்நேரத்துக்கு மீன் கூடை கழுவிட்டு இருப்பாங்க. இன்னிக்கு அப்பா கழுவுறாரு. நன்றி, வணக்கம்.